தூக்குவதற்கு முன் பார்ப்பவர்

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு காலை. பள்ளி வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் நெருக்கியடித்து நிற்க, எங்கள் அலுவலக ஜீப் பின்னால் மாட்டிக்கொண்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். சாலையோரத்தில் ஒரு செவலை நாய் செத்துக் கிடந்தது. அதை எடுத்துப் போக வந்த நகராட்சி ஒப்பந்தத் தொழிலாளி, வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு நாயின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். தூக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், தூக்கிப் போட்டுகினு போய்யா! ஜோசியமா பாக்குற?" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்தினார்.

"எப்படிப் போச்சுன்னு பாக்காம எப்படிங்க தூக்குறது?" என்றார் இவர், தலையைத் திருப்பாமலே.

நான் கால்நடை மருத்துவர். கடலூரில் நோய் ஆய்வுப் பிரிவில் வேலை. அந்தத் தோரணையில், "வண்டி அடிச்சிருக்கும்" என்றேன்.

"வண்டி அடிச்சா எங்கனா ஒரு எடத்துல தோலு வழண்டிருக்கணுமே. ஒண்ணும் இல்ல பாருங்க." கையிலிருந்த குச்சியால் நாயின் வாயைக் காட்டினார். "கீழ்த்தாடை தொங்கிப் போச்சு. நகமெல்லாம் தேஞ்சிருக்குது. ரெண்டு மூணு நாளா நிக்காம நடந்திருக்குதுங்க இது."

குனிந்து பார்த்தேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. எதிர் டீக்கடையில் அது யாரையாவது கடித்ததா என்று நான் வருவதற்கு முன்பே விசாரித்து, கணுக்காலில் பல் பட்ட பூக்கார அம்மாளை அரசு மருத்துவமனைக்கு அனுப்பியும் இருந்தார். நாயின் தலையை ஆய்வுக்கு அனுப்பினோம். வெறிநோய்தான். அந்த அம்மாள் பிழைத்ததற்கு ஊசி காரணம். ஊசிக்கு இவர் காரணம்.

அன்றிலிருந்து நான்கு வருடம் அவரை எனக்குத் தெரியும். பெயரை எழுதவில்லை. அவருடைய வேலையைப் படித்துவிட்டு அவர் மகளை யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயம் வீணானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் வயதுதான் இருப்பார். பத்தாவது வரை படித்தவர். விடியற்காலையில் வீடு வீடாகக் குப்பை வாங்குவார். அதற்குப் பிறகு எந்தத் தெருவில் எது செத்தாலும் அவருக்குத்தான் போன் வரும். முதல் சந்திப்பில் அவர் கையில் கையுறைக்குப் பதிலாக இரண்டு பால் கவர்களை ரப்பர் பேண்டு போட்டு மாட்டியிருந்தார். மறுவாரம் ஒரு பெட்டி கையுறை கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல நாலு ஜோடி எங்க கூட வேலை செய்றவங்களுக்குக் குடுக்கலாங்களா?" என்று அனுமதி கேட்டார்.

எதையும் எழுதி வைக்க மாட்டார். ஆனால் கேட்டால் சொல்வார். "கீழ வீதியில பாத்திரக்கடை வாசல்ல, போன ஆடி மாசம், வெள்ளையும் கறுப்புமா ஒரு பூனை. குட்டி போடுற நேரம். எலி மருந்து." எலி மருந்து என்று எப்படித் தெரியும் என்றால், ஈறின் நிறம், மூக்கில் கசிந்த ரத்தம், கடைசியாக அது போய்ப் படுத்த இடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிரேதப் பரிசோதனை மேஜையில் நாங்கள் அரை நாளில் கண்டுபிடிப்பதை, அவர் சாலையில் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். எல்லா முறையும் சரியாக இருக்காது. தவறாக இருந்தால், எங்கே தவறினேன் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விடுவார்.

என் வேலைகளில் ஒன்று பறவைக் காய்ச்சல் கண்காணிப்பு. மாதாமாதம் கோழிப் பண்ணை, அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்து மந்தை, பிச்சாவரம் பக்கம் நீர்ப்பறவைகள் இறங்கும் இடங்கள் என்று சுற்றி மாதிரி எடுப்போம். அதற்கொரு படிவம். அதன் கடைசிப் பத்தியில், "பாலூட்டிகளில் வழக்கத்துக்கு மாறான இறப்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். பறவையின் வைரஸ் பூனைக்கோ நாய்க்கோ மாட்டுக்கோ தாவுகிறதா என்று பார்ப்பதற்கான கட்டம் அது. நான் மாதம் தவறாமல் அதில் "இல்லை" என்று எழுதினேன். நான் எந்தப் பூனையையும் போய்ப் பார்த்ததில்லை. யாரும் சொல்லவில்லை, அதனால் இல்லை.

பொங்கல் முடிந்த வாரம், கிள்ளைக்குப் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பில் காகங்கள் விழுந்தன. பறக்க முடியாமல், கழுத்து திருகி, ஒன்றிரண்டல்ல, தோப்பு முழுக்க. மாதிரி எடுத்து வடக்கே இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை இவரிடமிருந்து போன்.

"டாக்டரம்மா, பூனைங்க சரியில்லீங்க."

"என்ன ஆச்சு?"

"கோழிக்கடைங்களுக்குப் பின்னால சந்து இருக்குது பாருங்க, அங்க நாலு நாள்ல மூணு போச்சு. மொத ரெண்ட நான் தூக்கிட்டேன். இது மூணாவது. தூக்கல."

"யாராவது மருந்து வச்சிருப்பாங்க அண்ணே."

"மருந்து தின்ன பூனை ஒளிஞ்சுக்கும்ங்க. இது நட்ட நடு சந்துல சுத்திச் சுத்தி வந்திச்சு. ஒரே பக்கமாவே சுத்திச்சு. செவுத்துல போய் முட்டிச்சு. நான் கைய ஆட்டிப் பாத்தேன், கண்ணு சிமிட்டல. பார்வை போயிடுச்சுங்க." பின்னால் யாரோ கத்துவது கேட்டது. "காக்கா விழுந்த தோப்புல எப்படி இருந்திச்சுன்னு சொன்னாங்களோ, அதே மாதிரி இருக்குது."

உடனே கிளம்பினேன். போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. பூனையின் மேல் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே செங்கல் வைத்து, பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். சந்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டியிருந்தார். கோழிக்கடைக்காரர் ஒருவர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். இவர் எழுந்திருக்கவில்லை.

பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு மாதிரி எடுத்தேன். கூடையை அகற்றும்போது, "மொத ரெண்டையும் தூக்கறப்ப கையில என்ன போட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"மொதப் பூனைக்குக் கையுறை இருந்திச்சு. ரெண்டாவதுக்கு தீந்துடுச்சுங்க."

இரண்டு முடிவுகளும் வந்தன. காகத்தில் பறவைக் காய்ச்சல். பூனையிலும் அதே.

அன்றே அவரை அரசு மருத்துவமனையில் தனி அறையில் வைத்தார்கள். பத்து நாள் கண்காணிப்பு. கோழிக்கடைகள் மூடப்பட்டன. சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் எல்லோரையும் வாட்டியது ஒரே கேள்விதான். சந்துப் பூனைகள் செத்த பறவையையோ கோழிக் கழிவையோ தின்றிருக்கலாம். தின்று வந்தது என்றால், தின்பதை நிறுத்தினால் நோயும் நிற்கும். ஆனால் ஒரு பூனையிடமிருந்து இன்னொரு பூனைக்கு மூச்சிலும் எச்சிலிலும் பரவ அந்த வைரஸ் பழகிவிட்டது என்றால், கதையே வேறு. பூனையும் நாமும் பாலூட்டிகள். அதற்கு அடுத்த படியில் நாம்தான் நிற்கிறோம்.

மறுநாளே அந்தக் கேள்விக்கு மோசமான பதில் போல ஒன்று நடந்தது. சந்துக்கு அடுத்த தெருவில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வளர்த்த பூனை செத்தது. வாசல்படி தாண்டாத பூனை. அந்த அம்மாள் அதைப் பழைய நூல்புடவையில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, கேட்டுக்கு உள்ளிருந்தே என்னிடம் நீட்டினார். அவருடைய கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். பெரிய பக்திமான். முட்டைகூட அந்த வீட்டு வாசலுக்கு வந்ததில்லை என்று தெருவே சொல்லும்.

"என்ன சாப்பிடும் அம்மா?"

"பாலு, தயிர்சாதம், பிஸ்கெட். அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மாள். கணவர் தலையசைத்தார்.

இரண்டு நாளில் முடிவு வந்தது, அந்தப் பூனைக்கும் பாசிட்டிவ். பறவையைத் தொடாத, கறி தின்னாத, வெளியே போகாத பூனைக்கு எப்படி வந்தது? ஜன்னல் வழியே வந்துபோன சந்துப் பூனையிடமிருந்து ஒட்டியிருக்க வேண்டும். அதிகாரிகளின் முகம் மாறிவிட்டது. மறுநாள் மாலை கடலூரில் கலெக்டர் கூட்டம். "பாலூட்டியிலிருந்து பாலூட்டிக்குப் பரவியிருக்க வாய்ப்பு" என்று எழுத வேண்டியிருக்கும் என்றார்கள். அந்த வரி மேலே போனால் ஊரையே முடக்குவார்கள், கண்ணில் பட்ட பூனையையெல்லாம் பிடிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அது உண்மையாக இருந்தால் என்னென்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். அறைக்கு வெளியே கண்ணாடி ஜன்னலோரம் அவர் மனைவி ஒரு பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் வரக்கூடாது என்று இவர் சொல்லியிருந்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசினேன். அந்தப் பக்கம் அவர் கட்டிலில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"விடிகாலைல இருந்து சூடுங்க. நூத்தி ஒண்ணு. நர்ஸம்மாவ நானே கூப்புட்டுச் சொன்னேன். தொண்டையில பஞ்சு விட்டு எடுத்துகினு போயிருக்காங்க."

வெளியே நின்ற மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. எனக்கு வந்திருந்தா, இவளுக்கும் பொண்ணுக்கும் வந்திருக்குமா? இங்க வர்ற வரைக்கும் வீட்லதான சாப்புட்டேன்."

"தெரியாது அண்ணே" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆசிரியை வீட்டுப் பூனையைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பூனைக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அவர் கேள்விக்குப் பதில் தெரியும் என்றேன்.

அவர் கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார்.

"அவுங்ககிட்ட யாரப் பக்கத்துல வச்சுகினு கேட்டீங்க?"

"அவங்க வீட்டுக்காரர் இருந்தார்."

"கேக்க வேண்டியததான் கேட்டிருக்கீங்க. கேக்க வேண்டிய நேரத்துல கேக்கல. காலைல ஐயா கோயிலுக்குப் போவாரு. அப்ப போங்க. தனியா கேளுங்க."

எனக்குப் புரிய ஆரம்பித்தது. "உங்களுக்கு எதுவோ தெரியும்."

"தெரியும்ங்க. பன்னெண்டு வருஷமா அவுங்க வூட்டுக் குப்பை என் கைக்குத்தான் வருது."

"அப்ப சொல்லுங்களேன். நாளைக்குச் சாயங்காலம் கூட்டம்."

"குப்பையில பாத்தத நான் வெளிய சொல்றதில்ல. ஊர்ல ஒவ்வொரு வூட்டு சங்கதியும் கையில வருது. மாத்திரை வருது, பாட்டில் வருது, கிழிச்சுப் போட்ட கடுதாசி வருது. ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா நான் அந்தத் தெருவுல நடக்க முடியுமா?" மூச்சு வாங்கினார். "ஆனா இது ஊர் விஷயம். அவுங்க நாளைக்குச் சொல்லலேன்னா வாங்க, நான் சொல்லிடறேன். மொதல்ல அவுங்களே சொல்லட்டும். அவுங்க வாயால சொன்னாத்தான் அவுங்களுக்கு மரியாதை."

அவர் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். கணவரின் காய்ச்சலுக்கு என்ன பெயர் என்று தெரியாத அந்த நேரத்தில், அந்தப் பதிலை இப்போதே கேட்டு வாங்கிவிடு என்று அவர் என்னை உலுக்கியிருக்கலாம். செய்யவில்லை. "அவரு அப்படித்தாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்றேன். ஆசிரியை வந்தார். கணவர் இல்லை. நான் கேட்கும் முன்பே என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவன் சொல்லிட்டானா?"

"இல்லம்மா. உங்களத் தனியா வந்து பாக்கச் சொன்னார். வேற ஒரு வார்த்தை சொல்லல."

அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பூனைக்கு இரண்டு வருடத்துக்கு முன் உடம்பு மெலிந்துபோய்விட்டதாம். யாரோ கோழி ஈரல் கொடுத்தால் தேறும் என்றார்களாம். கோழிக்கடைக்காரர் வாரம் இருமுறை கறுப்பு கவரில் ஈரல் கொண்டுவந்து, விடியற்காலையில் கேட்டின் உள்பக்கம் மாட்டிவிட்டுப் போவாராம். வேகவைத்தால் வாசம் தெரு முழுக்கத் தெரியும் என்பதால் பச்சையாகவே, இந்த அம்மாள் பின்கட்டில் வைத்துப் போடுவாராம். காலி கவரை நியூஸ் பேப்பரில் நாலு மடிப்பாகச் சுற்றிக் குப்பையில் போடுவாராம்.

"கடைசியா எப்பம்மா போட்டீங்க?"

"அது படுக்குறதுக்கு நாலு நாள் முன்னால. அன்னைக்கு நாட்டுக்கோழி ஈரல்னு சொன்னாரு. சீப்பா ஒரு கூடை கெடச்சுதாம்."

கோழிக்கடைக்காரர் முதலில் மறுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். காகங்கள் விழுந்த தோப்புப் பக்கம் வீட்டுக் கோழிகள் சோர்ந்து நின்றிருக்கின்றன. செத்துப்போவதற்குள் விற்றுவிடலாம் என்று யாரோ கூடையோடு கொண்டுவந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்தக் கூடையின் கழிவுதான் பின்சந்துக்குப் போனது. அதன் ஈரல்தான் கேட்டில் தொங்கியது. கடையின் ஃப்ரீசரில் மிச்சம் கிடந்த ஒரு துண்டிலும் வைரஸ் இருந்தது பிறகு உறுதியானது. நான்கு பூனைகளும் தின்று நோயை வாங்கிக்கொண்டவை. ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு ஒட்டியதற்கு எந்தத் தடயமும் இல்லை.

மாலைக் கூட்டத்தில் அந்த வரியை எழுதவில்லை. ஆசிரியையின் பெயரையும் எழுதவில்லை. "வளர்ப்புப் பூனை, பச்சைக் கோழி உறுப்பு உண்டது" என்று எழுதினோம். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மருத்துவமனையிலிருந்து போன். அவர் தொண்டை மாதிரியில் பறவைக் காய்ச்சல் இல்லை. சாதாரணச் சளிக் காய்ச்சல். கடலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜீப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு டீ குடித்தேன். 

பத்து நாள் முடிந்து அவர் வெளியே வந்த அன்று, வீட்டுக்குப் போகும் முன் என்னை அந்தச் சந்துக்கு வரச் சொன்னார். முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டுத் தயாராக நின்றார். செத்த பூனைகளைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"உசுரோட இருக்கிறதப் பாருங்க" என்றார். "செத்ததுங்களப் பாத்து எப்படி வந்திச்சுன்னு கண்டுபிடிச்சாச்சு. அந்தக் கூடைக் கழிவ மூணு பூனையா தின்னிச்சு? அன்னைக்கு நான் குப்பை எடுக்க வர்றப்ப ஏழு எட்டு பூனை இருந்திச்சுங்க."

ஒவ்வொன்றாகக் காட்டினார். கூரை மேல் படுத்திருந்த மஞ்சள் ஆண்பூனை அன்றைக்கு இல்லை, மீன் மார்க்கெட்டில் இருந்தது. மூன்று கால் கறுப்புப் பூனை அன்றைக்குத் தள்ளி நின்றது, மற்றவை கிட்ட விடவில்லை. பிறகு மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருந்த ஒரு சாம்பல் நிறப் பெண்பூனையைக் காட்டினார்.

"இது தின்னிச்சு. ஜாஸ்தியாவே தின்னிச்சு. ரெண்டு நாள் கண்ணுல தண்ணி வச்சிகினு படுத்திருந்திச்சுன்னு எதிர் வூட்ல சொல்றாங்க. அப்புறம் எழுந்து நடந்துடுச்சு. இதுக்கு ஏன் ஒண்ணும் ஆவல?"

எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. சென்னையிலிருந்து வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. ஒரு வைரஸ் எவ்வளவு ஆபத்தானது என்று எடைபோட வந்த நாங்கள் அத்தனை பேரும் பிணங்களையே சுற்றி வந்தோம். பிழைத்தது எத்தனை, அவற்றில் வந்துபோனது எத்தனை என்று தெரியாமல் அந்த எடையை எப்படிப் போட முடியும்? பறவைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை, படியில் உட்கார்ந்து தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்த அந்தப் பூனை தன் ரத்தத்தில் வைத்திருந்தது.

வலை போட்டுப் பிடித்தோம். அவர்தான் பிடித்தார். சீறியது, கடிக்கப் பார்த்தது. ஒரு குழாய் ரத்தம் எடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அந்த வைரஸ் அதன் உடம்புக்குள் போயிருந்தது. அதை எதிர்த்து நின்று வென்றதற்கான அடையாளம் ரத்தத்தில் தெளிவாக இருந்தது.  உடனே அவருக்குப் போன் செய்தேன். பின்னால் மகள் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தது கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப வந்துட்டுப் போயிருக்குது" என்றார். பிறகு, மெதுவாக, பயமா பிரமிப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாத ஒரு குரலில் கேட்டார்:

"இந்த ஊர்ல இப்படி நமக்குத் தெரியாம எத்தினிக்கு வந்துட்டுப் போயிருக்குமோ, டாக்டரம்மா?"

அடுத்த திங்கட்கிழமை முதல், சிதம்பரத்தில் ஆரோக்கியமாகத் திரிந்த பூனைகளின் ரத்தத்தை எடுக்கத் தொடங்கினோம்.